கோடை விடுமுறை: கடலூர், சிதம்பரத்தில் குழந்தைகளோடு எங்கே போகலாம்? எந்த நேரத்தில் போகலாம்? எந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது?

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் பிள்ளைகள் தாத்தா, ஆயா வீட்டுக்கு வந்து இறங்கியாச்சு. முதல் இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாவது நாள் காலையிலேயே, "போர் அடிக்குது, எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வெளியே எட்டிப் பார்த்தால் கத்திரி வெயில் கொளுத்துகிறது.

ஊட்டி, கொடைக்கானல் போக எல்லா வீட்டிலும் வசதி இருக்காது. ஆனால் கடலூரிலும் சிதம்பரத்திலும் கடல், காடு, கோட்டை, கோயில், ஏரி எல்லாம் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. எங்கே போவது என்பதைவிட எந்த நேரத்தில் போவது என்பதுதான் இங்கே முக்கியம். தண்ணீர் இருக்கும் இடத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதும் அதே அளவு முக்கியம்.

சுருக்கமாக:

- வெளியே போக ஏற்ற நேரம்: விடியற்காலை முதல் 9 மணி வரை, மாலை 4.30-க்குப் பிறகு.
- காலை 11 முதல் மாலை 4 வரை வீடு, நிழல், ஓய்வு.
- ஆறு, வாய்க்கால், தடுப்பணை, குட்டையில் குழந்தைகளை இறக்க வேண்டாம்.
- சிதம்பரம் சுற்றுவட்டார நீர்நிலைகளில் முதலைகள் உண்டு.
- கடலில் கால் நனைக்கும்போதும் குழந்தை பெரியவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடலோரம்தானே, வெயில் ஏன் இவ்வளவு வாட்டுகிறது?

கடலூரில் வெயிலைத் தணிப்பது கடல்காற்று. காலையில் தரை சூடானதும் அதன் மேலுள்ள காற்று மேலே எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். வழக்கமாக நண்பகலையொட்டி இது வீசத் தொடங்கிவிடும்.

மே கடைசியிலும் ஜூனிலும் தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது நிலைமை மாறுகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று கடல்காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அதனாலதான் கத்திரி முடிந்த பிறகும் கடலோர மாவட்டங்களில் வெயில் குறைவதில்லை. 2023-ல் வெயில் காரணமாகத் தமிழகத்தில் பள்ளித் திறப்பு ஜூன் 1-லிருந்து தள்ளிப்போய், 6 முதல் 12-ம் வகுப்புகளுக்கு ஜூன் 12-லும், சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14-லும் திறந்தது நினைவிருக்கலாம்.

இன்னொரு விஷயம், காற்றில் உள்ள ஈரப்பதம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரத்தில் வியர்வை அவ்வளவு சீக்கிரம் காயாது. இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலையைக் கணக்கிடும் விதத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். சமவெளிப் பகுதிக்கு அடிப்படை 40 டிகிரி செல்சியஸ். கடலோரத்துக்கு 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தாலே வெப்ப அலை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். தாகம் எடுப்பதை விளையாட்டு மும்முரத்தில் கவனிக்கவும் மாட்டார்கள். எனவே நேரத்தைத் திட்டமிடுவது பெரியவர்களின் வேலை.

கடலூரில் எங்கே போகலாம்?

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்

கடலூர்க்காரர்களுக்கு மாலை நேரம் என்றால் சில்வர் பீச்தான். ஆனால் குழந்தைகளோடு போக இதைவிட நல்ல நேரம் விடியற்காலை. மே மாதத்தில் காலை 5.45 மணி வாக்கில் சூரியன் கடலிலிருந்து எழும். மணல் குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது, நண்டு வளைகளைப் பார்க்கலாம், சிப்பி பொறுக்கலாம். 8.30-க்குள் கிளம்பிவிட்டால் வெயிலிலிருந்து தப்பிவிடலாம். மாலையில் போவதானால் 5 மணிக்கு மேல் போகலாம். மதியத்து மணல் குழந்தையின் பாதத்தைப் பொத்துப்போக வைக்கும் அளவுக்குச் சுடும். அதே வெயிலில் கிடக்கும் சறுக்கு மரமும் இரும்பு ஊஞ்சலும் அப்படித்தான். பிள்ளையை ஏற்றும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

இந்தக் கடற்கரைகளுக்கு ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுவது வழக்கம். வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டலாம். குஞ்சுகளைக் கையில் எடுக்கவோ, அவற்றின் மேல் செல்போன் வெளிச்சம் அடிக்கவோ கூடாது. அவை வெளிச்சத்தை வைத்துத்தான் கடல் இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கின்றன.

செயின்ட் டேவிட் கோட்டையும் 'குண்டு' கதையும்

தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள் உள்ளன. 1690-ல் கிழக்கிந்திய கம்பெனி இந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதை முடிவு செய்த விதம்தான் சுவாரஸ்யம். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு. அந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' என்று அழைக்கப்பட்டன. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை ஆகிய பெயர்கள் இன்றும் கடலூரில் புழங்குகின்றன.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, ஆங்கிலேயர்கள் சோழமண்டலக் கடற்கரையில் தங்கள் தலைமையிடத்தை இங்கே மாற்றிக்கொண்டனர். ராபர்ட் கிளைவ் இந்தக் கோட்டையின் கவர்னராக இருந்திருக்கிறார். 1758-ல் பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. சரித்திரப் பாடத்தில் மனப்பாடம் செய்த பெயர்கள் தாத்தா வீட்டுக்குப் பக்கத்திலேயே நடமாடின என்று தெரிந்தால் எந்தப் பிள்ளைக்கும் கண் விரியும். பழைய சுவர்கள் மேல் ஏற விட வேண்டாம்.

பழைய துறைமுகம்

கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் கோடையில் ஒரு தனிக் காட்சி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் வரிசையாக நிற்கும். படகுக்குப் பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது, பழுது பார்ப்பது என்று வேலை நடக்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகளுக்கு ஏன் லீவு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

அருங்காட்சியகம்

வெயில் ஏறிய பிறகு வெளியே போயே ஆக வேண்டும் என்றால், கடலூர் அரசு அருங்காட்சியகம் நல்ல தேர்வு. நிழலில் ஒரு மணி நேரம் போய்விடும். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

செலவே இல்லாத ரயில் உலா

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு சுமார் 45 கி.மீ. பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் குழந்தைகளோடு போனால் பாசஞ்சர் ரயிலே ஒரு பொழுதுபோக்கு. கடலூர் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று கடலை ஒட்டியே பாதை போகிறது. பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவில் வெள்ளாற்றுப் பாலம் வரும். அப்போது எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலில்தான் இருப்பார்கள். கதவோரம் மட்டும் விடக் கூடாது.

முன்பதிவில்லாப் பெட்டியில் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது, 5 முதல் 12 வயதுக்குள் அரை டிக்கெட். அரசு பஸ்களிலும் 5 வயது வரை இலவசம். சாதாரண நகரப் பேருந்தில் அம்மா, ஆயா, பெண் குழந்தைகள் எல்லோருக்கும் கட்டணமில்லாப் பயணம். வீட்டில் சாப்பாடு கட்டிக்கொண்டு காலை வண்டியைப் பிடித்தால் அன்றைய செலவு ரொம்பக் குறைவு.

பிச்சாவரத்தில் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு நடுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எம்ஜிஆர் நடித்த 'இதயக்கனி' இங்கே படமாக்கப்பட்டதால் பெரியவர்களுக்கும் கதை பேச விஷயம் உண்டு.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத் துறையில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் இருக்கின்றன. குறுகலான வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். குழந்தைகளுக்கும் அதுதான் பொருத்தம். மேலே மரக்கிளைகள் பந்தல் மாதிரி மூடியிருக்கும், மோட்டார் சத்தமும் இல்லை. காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். 11 மணிக்கு மேல் திறந்த நீர்ப்பரப்பில் போனால் மேலே இருந்தும் வெயில், தண்ணீரிலிருந்தும் வெயில்.

பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்களைக் காட்டலாம்.

- மூச்சுவேர்: வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி வேர்கள் மேலே நீட்டியிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் இப்படி வேரை வெளியே விட்டுச் சுவாசிக்கிறது.
- ஊன்றுவேர்: சுரபுன்னை மரம் பல கால்களை ஊன்றி நிற்பது போலத் தெரியும். அலையும் சேறும் சாய்க்காமல் இருக்க இந்த ஏற்பாடு.
- மரத்திலேயே முளைக்கும் விதை: சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் மாதிரி நீண்டு, கீழே சேற்றில் குத்தி நிற்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டக் கடலோரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பிச்சாவரம் பகுதியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மரங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு உள்ளூர்க்காரர்கள் வேறு விளக்கம் தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இதனால்தான். இதன் பால் தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். இலை பறிப்பது, கிளை ஒடிப்பது எதுவும் வேண்டாம். படகில் லைஃப் ஜாக்கெட் குழந்தையின் அளவுக்குச் சரியாக இருக்கிறதா, எல்லாக் கொக்கிகளும் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது.

படகு நேரமும் கட்டணமும் மாறும் என்பதால் கிளம்பும் முன் சுற்றுலாத் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிதம்பரம் கோயிலுக்கு எந்த நேரத்தில் போகலாம்?

நடராஜர் கோயில் காலையில் திறந்து நண்பகலில் நடை சாத்தி, மாலையில் மறுபடி திறக்கும். பெரிய கருங்கல் பிரகாரங்கள் என்பதால் 10 மணிக்கு மேல் வெறுங்காலில் நடக்கப் பிள்ளைகள் தவித்துப்போவார்கள். காலை 6 முதல் 9 வரை போவது நல்லது. மாலையில் போனால் கல் சூடு ஆற 6 மணியாவது ஆக வேண்டும்.

சாமி கும்பிட்டதும் திரும்பிவிடாமல், பிள்ளைகளுக்கு இரண்டு விளையாட்டு வைக்கலாம். கோபுர வாயில்களின் உட்சுவரில் பரதநாட்டியத்தின் 108 கரணங்கள் சிற்பங்களாக இருக்கின்றன. அதில் எத்தனை நிலையைச் செய்து காட்ட முடியும் என்று கேளுங்கள். அடுத்தது ஒரு கணக்கு. பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் இருப்பதாகவும், அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்றும் மரபாகச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 15 மூச்சு, ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு நாளைக்கு 24 மணி. பெருக்கிப் பார்த்து விடை சரியாக வந்ததும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காலை உணவுக்கு சிதம்பரத்தின் கத்தரிக்காய் கொத்சு இருக்கவே இருக்கிறது. காரம் குறைவாகச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இட்லியோடு சரியாக இருக்கும்.

அரை நாளில் போய்வரக்கூடிய மூன்று இடங்கள்

வடலூர்: வள்ளலார் 1867 மே 23-ல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வருபவர்களுக்கு சாதி, மதம் கேட்காமல் தினமும் சாப்பாடு. பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது பிள்ளைகளுக்கு மறக்காது. பக்கத்திலேயே எண்கோண வடிவச் சத்திய ஞான சபை.

வீராணம் ஏரி: காட்டுமன்னார்கோவில் பக்கம், சுமார் 14 கி.மீ. நீளம். சோழர்கள் வெட்டிய ஏரி. 2004 முதல் இதன் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. சென்னைப் பிள்ளைகளிடம், "உங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணி இங்கேருந்தும் வருது" என்று சொல்லலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் இந்த ஏரிக்கரையில்தான். கோடை உச்சத்தில் தண்ணீர் குறைவாக இருக்கலாம். மாலையில் கரை மேல் காற்று வாங்கப் போகலாம், ஏரிக்குள் இறங்க வேண்டாம்.

பண்ருட்டி: கோடை என்றால் பலாவும் முந்திரியும். சந்தையில் மலைபோல் குவித்திருக்கும் பலாவைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. முந்திரித் தோப்புக்குப் போனால் பழத்தைச் சாப்பிடலாம். பச்சை முந்திரிக்கொட்டையை மட்டும் பிள்ளைகள் கடிக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் வாயையும் தோலையும் சுட்டதுபோல் புண்ணாக்கிவிடும்.

தண்ணீர் எங்கே ஆபத்து?

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. நெல்லிக்குப்பம் அருகே அ.குச்சிப்பாளையம் பகுதியில் கெடிலம் ஆற்றின் தடுப்பணை அருகே தேங்கிய தண்ணீரில் குளிக்கப் போன சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தார்கள். வெயிலுக்குக் குளிக்கப் போனவர்கள்.

கோடையில் ஆறு வற்றிக் கிடக்கிறது, முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நினைப்பதில்தான் ஆபத்து. தடுப்பணையைத் தாண்டித் தண்ணீர் விழும் இடத்தில் மணல் அரித்துப் பெரிய பள்ளம் விழுந்திருக்கும். மணல் எடுத்த குழிகளும் இருக்கும். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீருக்குள் போய்விடும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். சினிமாவில் காட்டுவதுபோல் மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாயில் தண்ணீர் போவதால் சத்தமே வராது. ஒரு போன் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆறு, வாய்க்கால், குட்டை: குழந்தைகளைத் தனியாக அனுப்பவே கூடாது. 'அக்கா பார்த்துக்குவா' என்று 12 வயதுப் பிள்ளையை நம்பி 6 வயதுப் பிள்ளையை அனுப்புவதும் கூடாது.

முதலைகள்: பழைய கொள்ளிடமும், அதையொட்டிய வாய்க்கால்களும் குளங்களும் முதலைகளின் இருப்பிடம். வேளக்குடி, பழையநல்லூர், வல்லம்படுகை போன்ற ஊர்களில் முதலை பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறது. ஆற்றில் குளித்தவர்களை முதலை கடித்த சம்பவங்களும் நடந்துள்ளன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும். லீவுக்கு வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. வந்த முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கடல்: அலை கரைக்கு வந்து திரும்பும்போது, சில இடங்களில் தண்ணீர் குறுகிய பாதையாகச் சேர்ந்து வேகமாக உள்ளே இழுக்கும். சுற்றிலும் அலை உடையும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், இழுவை அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். அதில் மாட்டியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். ஆற்று முகத்துவாரத்தின் பக்கம் இறங்கவே வேண்டாம்.

வீட்டுக்குள்: தவழும் குழந்தைக்குக் குளியலறை வாளியும் அண்டாவும் போதும் ஆபத்துக்கு. கிராமத்து வீட்டுக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள்.

யாராவது மூழ்கினால்? நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்துப் பலர் இறப்பது இப்படித்தான். புடவை, துப்பட்டா, கயிறு, கழி எதையாவது நீட்டுங்கள். மூடி போட்ட காலி பிளாஸ்டிக் கேனை வீசினால் அதைப் பிடித்து மிதக்கலாம். கரை சேர்த்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது வேண்டாம். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால், முதலுதவி தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

நீச்சல் கற்றுக்கொடுக்க இதுதான் நேரம்

பயந்து தண்ணீரிலிருந்து பிள்ளையைத் தள்ளியே வைப்பது நிரந்தரத் தீர்வு ஆகாது. கடலூர் அண்ணா விளையாட்டரங்க வளாகத்தில் நீச்சல் குளம் உள்ளது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் நீச்சல் பயிற்சியும் பிற விளையாட்டுகளுக்கான முகாம்களும் நடத்துவது வழக்கம். எந்தத் தேதியில் தொடங்குகிறது, கட்டணம் என்ன என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். நீச்சல் கற்ற பிள்ளையானாலும் ஆற்றுக்கும் கடலுக்கும் பெரியவர் துணை கட்டாயம்.

11 முதல் 4 வரை வீட்டில் என்ன செய்வது?

செல்போன்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் எல்லாம் ஆயாக்களுக்கு அத்துப்படி. நுங்கு சாப்பிட்ட மட்டைகள் இரண்டும் ஒரு குச்சியும் கவட்டைக் கம்பும் இருந்தால் நுங்கு வண்டி தயார். பனை ஓலையில் காத்தாடி செய்யலாம். நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிட்டால் மதியத்துக்குப் புத்தகம் கிடைக்கும்.

ஒரு வேலையும் கொடுக்கலாம். பக்கத்திலுள்ள ஊர்களின் பெயருக்கு என்ன காரணம் என்று தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஆறுகள் கூடும் இடம் என்பதால் கூடலூர், அதுவே கடலூர் ஆனது என்பார்கள். தில்லை, குண்டு உப்பலவாடி என்று பட்டியல் தானாக நீளும்.

வண்டியை நிறுத்திவிட்டு 'ரெண்டே நிமிஷம்' என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் போகக் கூடாது. மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

என்ன கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

காலையில் பழைய சோறும் மோரும், இடையில் நுங்கு, இளநீர், தர்பூசணி, வெள்ளரி. நன்னாரி சர்பத் வீட்டிலேயே கலந்தால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு முறை தண்ணீர் கொடுங்கள். வெளியில் வாங்கும்போது ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாது. வெட்டி வைத்த பழத்தைவிட கண்ணெதிரே வெட்டித் தருவது நல்லது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், கூடுதல் முறை கொடுத்தால் சரி.

வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் ஓஆர்எஸ் கரைசல். 1 லிட்டருக்கான பாக்கெட்டை 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது, அளவைப் படித்துப் பாருங்கள். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கொட்டிக் கலக்குவது ஆபத்து. மருந்துக்கடையில் கேட்கும்போது 'உலக சுகாதார அமைப்பு ஃபார்முலா' என்று அட்டையில் இருப்பதைக் கேளுங்கள். ஓஆர்எஸ் என்ற பெயரில் சர்க்கரை அதிகமான பானங்கள் விற்கப்பட்டதால், அந்தச் சொல்லைப் பானங்களின் பெயரில் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது.

எந்த அறிகுறி வந்தால் உடனே கிளம்ப வேண்டும்?

முதல் கட்டம்: தலைவலி, சோர்வு, அதிக வியர்வை, வாந்தி வருவது போன்ற உணர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீர் மஞ்சளாகப் போவது. உடனே நிழலுக்கு மாற்றி, துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, மெதுவாகத் தண்ணீர் அல்லது ஓஆர்எஸ் கொடுக்க வேண்டும். அன்றைக்கு மறுபடி வெயிலில் விட வேண்டாம்.

ஆபத்துக் கட்டம்: உடம்பு நெருப்பாய்ச் சுடுவது, குழப்பமாகப் பேசுவது, தள்ளாடுவது, வலிப்பு, மயக்கம். இது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

போனில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள்

- ஆம்புலன்ஸ்: 108
- அவசர உதவி: 112
- கடலோரப் பாதுகாப்புக் குழுமம்: 1093
- குழந்தைகள் உதவி எண்: 1098
- மருத்துவ ஆலோசனை: 104

கிளம்பும் முன் பையில் தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு மாற்று உடை, ஓஆர்எஸ் பாக்கெட். கூட்டமான இடம் என்றால் சின்னப் பிள்ளையின் சட்டைப் பையில் அப்பா அல்லது அம்மாவின் போன் நம்பர் எழுதிய சீட்டு. தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போனால், 'இப்போ பிள்ளைங்களைப் பார்க்கிறது யாரு' என்று ஒருவரை வாய்விட்டுச் சொல்லி நியமித்துவிடுங்கள். அவர் கையில் அந்த நேரத்தில் போன் இருக்கக் கூடாது.